லேப்டாப் வாங்கும் முன் கீலைத் தொட்டுப் பாருங்கள்

ரிஷிவந்தியத்தில் ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், டி.டி.பி., ஆன்லைன் விண்ணப்பம் என்று பொழுது போகிறது. லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பலர் முதலில் என்னிடம் வந்து யோசனை கேட்பார்கள். கேள்விகள் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். ராம் 8 ஜிபி போதுமா, 16 ஜிபி வேண்டுமா? எஸ்.எஸ்.டி. எவ்வளவு? பிராசசர் எது? நானும் பல ஆண்டுகளாக இவற்றுக்கு மட்டுமே பதில் சொல்லி வந்தேன்.

இதன் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பதனை என் வீட்டு லேப்டாப்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நீங்கள் அந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்க வேண்டாம் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

"டக்" என்று ஒரு சத்தம்

2021-ல் கல்லூரியின் ஆன்லைன் வகுப்புகளுக்காக என் மகளுக்கு ஒரு லேப்டாப் வாங்கினோம். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியம் இல்லை. பத்தாவது மாதத்தில் ஒரு நாள், மூடியைத் திறக்கும்போது இடது பக்க மூலையில் "டக்" என்று சத்தம் வந்தது.

"அப்பா, இதுல ஏதோ சத்தம் வருது" என்றாள்.

"பிளாஸ்டிக்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். வாரண்டி முடிய அப்போது இரண்டு மாதங்கள் பாக்கி இருந்தன.

பதினான்காவது மாதத்தில் அந்த மூலையில் ஒரு பிளவு தெரிந்தது. நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பெட்டிக் கடையில் கிடைக்கும், நொடியில் ஒட்டும் பசையை வாங்கி நானே இரண்டு சொட்டு விட்டேன். ஒட்டிக் கொண்டது. பெரிய வேலையை முடித்த திருப்தியில் இருந்தேன். இரண்டு வாரத்தில் அதே இடம் முன்பைவிட அகலமாக வாய் பிளந்தது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். "கீழே விழுந்திருக்கும் சார். இது பிசிகல் டேமேஜ். வாரண்டி இருந்திருந்தாலும் வராது" என்றார்கள். அந்த லேப்டாப் ஒரு நாளும் கீழே விழுந்ததில்லை. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த ஆண்டு, இறுதி ஆண்டு புராஜெக்ட்டைக் கொடுக்க வேண்டிய வாரத்தில் திரை இருண்டு போனது. உள்ளே ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. நான்கு மாத உழைப்பு முழுவதும் அதற்குள் இருந்தது. வேறு எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. மகள் அழுத அழுகையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கடைசியில் பக்கத்து வீட்டு டிவியில் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்துப் பார்த்தோம். டிவி திரையில் எல்லாம் தெரிந்தது. பைல்களைப் பென் டிரைவில் காப்பி செய்து கொண்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு மெக்கானிக் தம்பியிடம் கொண்டு போனேன். பிரித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "அண்ணே, சத்தம் வந்த அன்னிக்கே வந்திருந்தீங்கன்னா 500 ரூபாயில முடிஞ்சிருக்கும். கீலை கொஞ்சம் லூஸ் பண்ணி விட்டிருப்பேன். இப்போ பேனல் போச்சு, டிஸ்பிளே கேபிள் அறுந்து போச்சு. நீங்க விட்ட பசையைச் சுரண்டவே அரை நாள் ஆகும்." மொத்தம் 4,800 ரூபாய் ஆனது.

உடைவது பிளாஸ்டிக், உடைப்பது கீல்

அன்று அவர் பிரித்துக் காட்டிய பிறகுதான் விஷயம் எனக்குப் புரிந்தது. லேப்டாப்பின் மூடியையும் அடிப்பகுதியையும் இணைப்பவை இரண்டு இரும்புக் கீல்கள். மெக்கானிக்குகள் இதனை ஹிஞ்ச் என்பார்கள். மூடியை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும் என்பதற்காக இந்தக் கீலை வேண்டுமென்றே இறுக்கமாகச் செய்கிறார்கள். இதனைப் பிடித்து வைத்திருப்பது என்ன தெரியுமா? பிளாஸ்டிக்கிற்குள் சூடு வைத்துப் பதித்த, பட்டாணியைவிடச் சிறிய பித்தளை நட்டுகள். ஸ்குரூ அந்த நட்டில் ஏறுகிறது. நட்டைப் பிடித்து வைத்திருப்பது சுற்றியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் மட்டுமே.

நாளாக ஆக, கீலில் இருக்கும் கிரீஸ் காய்கிறது. தூசி சேருகிறது, சில நேரம் துருவும் பிடிக்கிறது. கீல் மேலும் இறுகுகிறது. நாம் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், சுழல வேண்டிய கீல் சுழலாமல் அந்த நட்டுகளைப் பிடித்து இழுக்கிறது. ஒரு நாள் நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வருகிறது. அதுதான் அந்த "டக்" சத்தம். வெளியே நமக்குத் தெரியும் பிளவு பிறகு வருவது. நான் பசை விட்டது வெளிப் பிளவில். நோய் உள்ளே இருந்தது.

இந்தக் கீலை ஒட்டித்தான் திரைக்குச் செல்லும் டிஸ்பிளே கேபிளும், வைஃபை ஆன்டெனா வயரும் செல்கின்றன. பெயர்ந்த கீல் ஆடி ஆடி அந்த வயர்களை நசுக்குகிறது. இப்படித்தான் "வெறும் பிளாஸ்டிக் உடைசல்" ஒரு நாள் திரையையே அணைத்து விடுகிறது.

புதிய லேப்டாப்பில் கீல் கெட்டியாக இருந்தால் "ஸ்ட்ராங்காக இருக்கிறது" என்று நாம் மகிழ்கிறோம். உண்மை நேர் எதிர். தேவைக்கு மேல் இறுகிய கீல்தான் உடம்பைத் தின்கிறது.

எங்கள் ஊருக்கு இது ஏன் முக்கியம்?

நகரத்தில் ஒரு லேப்டாப் போனால் அலுவலகத்தில் ஒன்று இருக்கும், வீட்டில் இன்னொன்று இருக்கும். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கி, அரசுப் பள்ளி மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் தந்தார்கள். இந்தப் பகுதியிலும் கல்வராயன் மலை ஊர்களிலும் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான். அண்ணன் படித்து, தம்பி படித்து, பிறகு தங்கையிடம் வந்து சேர்ந்த லேப்டாப்புகளை நான் பார்த்திருக்கிறேன். 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு மீண்டும் லேப்டாப் வழங்கத் தொடங்கினார்கள். அவையும் இப்படிப் பல கைகள் மாறத்தான் போகின்றன.

கூட்டமான பஸ்ஸில் பைக்குள் நசுங்கி, டூவீலரில் பெட்ரோல் டேங்க் மேல் குலுங்கி, வெயிலில் காய்ந்து செல்லும் லேப்டாப்புகள் இவை. இவற்றுள் பரணுக்குப் போனவற்றை எடுத்துப் பாருங்கள். மதர்போர்டு நன்றாக இருக்கும். ஹார்ட் டிஸ்க் ஓடும். மூடி நிற்காது, அல்லது திரை தெரியாது. பிளாஸ்டிக் விட்டுப் போனதால் கம்ப்யூட்டரே போய்விட்டது என்று மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். ஒரு பிள்ளையின் படிப்பு அந்த மூட்டைக்குள் இருக்கிறது என்பதே என் கவலை.

உலோக உடம்பு என்றால் கவலை இல்லையா?

"பிளாஸ்டிக் வேண்டாம், மெட்டல் பாடி வாங்குங்கள்" என்று சிலர் எளிதாகச் சொல்லி விடுகிறார்கள். விலையை விடுங்கள், அது முழு உண்மையும் இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2001-ல் டைட்டானியம் உடம்புடன் பவர்புக் ஜி4 லேப்டாப்பை வெளியிட்டது. அதில் பெயின்ட் உரிந்தது, கீலும் உடைந்தது என்று பயனாளர்கள் பலர் புகார் செய்தனர். அலுமினியம் நசுங்கினால் நசுங்கியதுதான், பழைய நிலைக்குத் திரும்பாது. பானசோனிக் 1996-ல் தொடங்கிய டஃப்புக் வரிசைக்கு மக்னீசியம் கலப்பு உலோக உடம்பு. உண்மையிலேயே உறுதியானது. ஆனால் அது வெளியிடங்களில் கடினமான வேலை செய்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. விலையும் எடையும் வீட்டிற்கு ஒத்து வராது.

பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றும் அல்ல. லேப்டாப் உடம்புகளில் அதிகம் பயன்படுவது ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட், அல்லது இரண்டும் கலந்த கலவை. குழந்தைகள் விளையாடும் லெகோ கட்டைகள் ஏ.பி.எஸ்.தான். நம் பழைய சி.டி.க்கள் பாலிகார்பனேட். இரண்டுமே நல்ல உறுதி உள்ளவை. ஒழுங்காக வடிவமைத்தால் பல ஆண்டுகள் தாங்கும். நட்டைச் சுற்றி எவ்வளவு கனத்தில் பிளாஸ்டிக் வைத்தார்கள், கீலின் இழுப்பை எத்தனை ஸ்குரூக்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள் என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. அதை விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

விளம்பரத்தில் போடுவது "மிலிட்டரி கிரேடு" என்ற வார்த்தையை. அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்.டி.டி.-810 என்ற சோதனை முறைகளின் தொகுப்பை இது குறிக்கிறது. அதில் எந்தச் சோதனைகளைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கிறார். ராணுவம் சான்றிதழ் தருவதும் இல்லை. நல்ல அறிகுறிதான். ஆனால் "விழுந்தாலும் உடையாது" என்ற வாக்குறுதியாக எடுத்துக் கொள்ளாதீர்கள்.

கடையில் இதனைச் செய்யுங்கள்

ராம், பிராசசர் எல்லாம் கேட்டு முடித்த பிறகு இந்த நான்கையும் பாருங்கள்.

1. மூடியின் முன் விளிம்பில், சரியாக நடுவில் விரல் வைத்துத் திறந்து பாருங்கள். அடிப்பகுதி மேசையை விட்டு எழுந்து கூடவே வந்தால் கீல் மிக இறுக்கம்.

2. கீல் இருக்கும் இரண்டு மூலைகளையும் கவனித்தபடி மெதுவாகத் திறந்து மூடுங்கள். அங்கே பிளாஸ்டிக் உப்பி அடங்கினாலோ, சத்தம் வந்தாலோ அந்த மாடல் வேண்டாம்.

3. கை வைக்கும் பகுதியை விரலால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து எழுந்தால் உள்ளே தாங்கல் போதாது.

4. இந்த மாடலுக்கு பேனல் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். மூடியின் முதுகு ஏ பேனல், திரையைச் சுற்றிய சட்டம் பி பேனல், கீ போர்டு இருக்கும் பகுதி சி பேனல், அடிப்பகுதி டி பேனல். சென்னை ரிச்சி தெரு முதல் எல்லா ஊர்க் கடைகளிலும் இந்தப் பெயர்தான் புழங்குகிறது.

வாங்கிய பின், மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் திறக்காதீர்கள். திறந்த லேப்டாப்பை ஒரு கையால் மூலையில் பிடித்துத் தூக்காதீர்கள். கீல் இறுகிவிட்டது என்று தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். இது மிகவும் தவறு. எண்ணெய் வழிந்து பிளாஸ்டிக்கில் ஊறி, ஏற்கனவே இழுவிசையில் இருக்கும் இடத்தில் பிளவை விரைவுபடுத்தும். துடைப்பதற்கு தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம். லேசாக ஈரமான துணி போதும்.

உடைந்து விட்டதா?

முதலில் திறந்து மூடுவதை நிறுத்துங்கள். திறந்த நிலையில் இருந்தால் அப்படியே மேசையில் விட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். அன்றே உங்கள் பைல்களைப் பென் டிரைவிற்கோ வெளி ஹார்ட் டிஸ்க்கிற்கோ காப்பி செய்யுங்கள். திரை போய்விட்டால் பதறாமல் டிவி அல்லது மானிட்டரில் ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் இணைத்துப் பாருங்கள். படம் வராவிட்டால் விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்திப் பாருங்கள்.

அடுத்து, பிளவு எதனால் வந்தது என்று பாருங்கள். டச் பேட் மேலெழுந்து, அடிப்பகுதி உப்பி, நடுவில் இடைவெளி தெரிந்தால் அது கீலின் வேலை அல்ல. உள்ளே லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கலாம். இது ஆபத்து. உடனே ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டு செல்லுங்கள். அழுத்தி மூடவோ குத்திப் பார்க்கவோ கூடாது.

கீல்தான் காரணம் என்றால், நொடியில் ஒட்டும் பசையைத் தொடாதீர்கள். அது தண்ணீர் போல் ஓடி கீலுக்குள் புகுந்து அதை இன்னும் இறுக்கிவிடும். காய்ந்த பிறகு கண்ணாடி போல் ஆகி, அடுத்த இழுப்பில் தெறித்து விடும். சரியான வைத்தியம் இப்படி இருக்க வேண்டும்: முதலில் கீலின் நட்டைத் தளர்த்த வேண்டும். பிறகு பெயர்ந்த பித்தளை நட்டைப் பழைய இடத்தில் வைத்து, இரண்டு டியூப்களில் வந்து கலந்து பூசும் எபாக்சி பசையால் பிடிக்க வைத்து, ஒரு நாள் முழுக்க அசையாமல் காய விட வேண்டும். கீலைத் தளர்த்தாமல் ஒட்டித் தந்தால் அது மீண்டும் பெயரும். எனவே வேலை கொடுக்கும்போதே "கீலை லூஸ் செய்தீர்களா?" என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று. அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் ஊர் முழுக்க இருக்கிறது. போர்டு போன ஒன்றின் நல்ல பேனலை, பேனல் போன இன்னொன்றுக்கு மாட்டலாம். எனவே உடைந்ததைப் பழைய சாமான் வியாபாரியிடம் எடைக்குப் போடும் முன், தெருவில் நான்கு பேரைக் கேளுங்கள். இரண்டு உடைசலில் ஒரு நல்ல லேப்டாப் பிறக்கும்.

விழாமல் உடைந்தால் யார் பொறுப்பு?

என் கருத்து இதுதான். கீழே விழுந்து நொறுங்கினால் அது நம் பொறுப்பு. ஆனால் திறந்து மூடுவதற்காகவே செய்யப்பட்ட பொருள், திறந்து மூடியதால் உடைந்தால் அதை "பிசிகல் டேமேஜ்" என்று தள்ளுவது நியாயம் அல்ல. 2006-ல் வந்த ஆப்பிள் மேக்புக்கின் பாலிகார்பனேட் உடம்பில், மூடியின் விளிம்பு அழுத்தியே கை வைக்கும் பகுதியின் ஓரம் விரிந்தது. வாரண்டி முடிந்தவர்களுக்கும் அந்த நிறுவனம் இலவசமாக மாற்றித் தந்தது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. செல்போன், எலக்ட்ரானிக்ஸ் பொருட்களோடு விவசாயக் கருவிகளும் அதன் பட்டியலில் உள்ளன. எங்கள் ஊர் விவசாயியிடம் சொன்னால் உடனே புரியும். மோட்டார் பம்ப் செட்டுக்கு வாஷர் கிடைக்காவிட்டால் பம்ப்பைத் தூக்கி எறிவோமா? லேப்டாப்பிற்கும் பேனலும் கீலும் நியாயமான விலையில் வெளிக் கடைகளில் கிடைக்க வேண்டும்.

அதுவரை நம் பங்கைச் செய்வோம். வாங்கிய அன்றே லேப்டாப்பை நான்கு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சத்தம் கேட்டால் வீடியோ எடுத்து, வாரண்டி முடியும் முன் ஈமெயிலில் புகார் அனுப்புங்கள். ஏற்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திற்குரிய ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கு தொடுக்கலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

இப்போது என் கடைக்கு யோசனை கேட்டு வருகிறவர்களிடம் ராம் பற்றிப் பிறகுதான் பேசுகிறேன். "முதலில் மூடியைத் திறந்து பார்த்தீர்களா?" என்று கேட்கிறேன். உங்கள் வீட்டு லேப்டாப்பையும் இன்று ஒரு முறை மெதுவாகத் திறந்து, காது கொடுத்துக் கேளுங்கள். "டக்" என்று கேட்டால், நான் செய்தது போல் "பிளாஸ்டிக்தானே" என்று விட்டு விடாதீர்கள்.